வீட்டைப் பார்க்கும் வீட்டுக்காரர்

காலை ஏழே முக்கால். பெரம்பூரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. வங்கியில் வேலை பார்க்கும் மனைவி எட்டு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். அவருக்கு டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ரிப்பனைப் பல்லில் கடித்தபடி மகளுக்கு இரட்டைப் பின்னல் போடுகிறார் கணவர். மூன்று வருஷத்துக்கு முன்புவரை அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டிய கை அது. அச்சகத்தை மூடிவிட்டார்கள். அடுத்துக் கிடைத்தது நைட் ஷிப்ட் வேலை. பிள்ளையை யார் பார்ப்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். "நான் இருக்கேன், நீ போ" என்றார் இவர்.

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்று கேட்டு வளர்ந்தவருக்கு அதன்பிறகுதான் பாடு. கல்யாணப் பந்தியில் யாராவது விசாரித்தால், "வேலை தேடிட்டு இருக்கார்" என்று மாமியார் முந்திக்கொள்வாராம். "வேலை பார்த்துட்டுத்தான் சார் இருக்கேன், தேடலை" என்றார் என்னிடம். குரலில் கோபமில்லை, வலி இருந்தது.

மனைவிக்கும் லேசாக இல்லை. அலுவலகத்தில் இருந்தபடியே கேஸ் புக் பண்ணியாச்சா, இட்லிக்கு ஊறவைத்தாச்சா என்று ஆறு மாதம் போன் போட்டிருக்கிறார். "கேட்கிறதை நிறுத்தினப்புறம்தான் வேலையில மனசு நின்னுச்சு" என்கிறார். இதுதான் விஷயம். கூடமாட ஒத்தாசை செய்வது வேறு, பொறுப்பை முழுசாக ஏற்பது வேறு. இன்ன பொருள் தீர்ந்துவிட்டது என்று மனைவி சொல்லித்தான் கணவருக்குத் தெரியும் என்றால், வீட்டுச் சுமை இன்னும் மனைவி தலையில்தான் இருக்கிறது.

2024 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்யும் ஆண்கள் 88 நிமிடம். கணவர் பெயரில் சொத்து சேர்ந்ததில் மனைவியின் வீட்டு உழைப்புக்கும் பங்குண்டு, அவருக்கும் அதில் சரிபாதி உரிமை என்று 2023-ல் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நியாயம் பின்னல் போடும் கைக்கும் பொருந்தும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டுமே செய்தவர்கள் 'வேலை செய்யாதோர்' பட்டியலில்தான் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு வருகிறவர் கேட்கும்போது, வீட்டைப் பார்க்கும் ஆண்களே, 'சும்மா இருக்கேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.