ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் பழக்கம். அச்சிலிருந்து எடுத்த பச்சை ஜாடி, சூளையிலிருந்து வெளியே வரும்போது சிறுத்திருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சையாக இருந்தபோது ஒரு லிட்டர் அளவுள்ள ஜாடி, சுட்ட பிறகு எவ்வளவு பிடிக்கும்?

ஆறாம் வகுப்பில் கேட்டால் பல பிள்ளைகள் 900 மில்லி என்பார்கள். அந்த வயதுக்கு அது இயல்பான பதில். எங்கோ ஒரு பிள்ளை மட்டும், "மூணு பக்கமும் சுருங்குதே, அப்ப மூணு தடவை குறைக்கணுமே" என்று யோசித்து, 900, 810, 729 என்று இறங்கி வரும். கன அளவு சுருங்கும் விதத்தை யாரும் சொல்லித் தராமலே பிடித்துவிட்ட அந்தப் பிள்ளை, மறுநாள் வகுப்பில் எப்போதோ தெரிந்துகொண்ட பின்னக் கூட்டலைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்களுக்குப் பொதுவாக இரண்டு யோசனைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று 'டபுள் புரமோஷன்' கேட்பது. இன்னொன்று, கடன் வாங்கியாவது 'ஐஐடி ஃபவுண்டேஷன்' வகுப்பில் சேர்ப்பது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. பிள்ளை தன் வயதுத் தோழர்களோடு அதே வகுப்பில் இருக்கட்டும். கணக்கிலோ அறிவியலிலோ மட்டும் மேல் வகுப்புப் பாடம் படிக்கட்டும். இதைப் பாட விரைவு என்கிறோம். செலவு குறைவு, ஆபத்தும் குறைவு. எதையும் பிள்ளை இழக்காமல் பின்வாங்கவும் முடியும்.

நமக்குப் புதிதல்ல

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1975-ல் பிறந்த கணித அறிஞர் டெரன்ஸ் டாவ், பள்ளி நாட்களில் ஒவ்வொரு பாடத்துக்கும் வெவ்வேறு வகுப்பில் உட்கார்ந்து படித்தவர். சர்வதேச கணித ஒலிம்பியாடில் 1986-ல் வெண்கலம், 1987-ல் வெள்ளி, 1988-ல் தங்கம் வாங்கினார். 2006-ல் ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்றார். வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டியதில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றல், இதே எண்ணத்தின் மேல் நின்றது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கற்றல் ஏணி இருந்தது. பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்து, முடித்து, அடுத்த படிக்குப் போனது. கணக்கில் முன்னாலும் தமிழில் பின்னாலும் இருக்க அதில் இடமிருந்தது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம்கூட பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறது. ஒரே வகுப்பில் வெவ்வேறு நிலைகள் உண்டு என்பதைத் தொடக்கப் பள்ளியில் ஏற்றுக்கொண்ட நாம், ஆறாம் வகுப்பு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

சட்டம் என்ன தருகிறது?

'பாட விரைவு' என்ற பெயரில் தனி உரிமை எதுவும் நம் சட்டத்தில் இல்லை. இதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில், 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்காகப் பேசும் பிரிவுகள் பல உள்ளன.

பிரிவு 24: ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் ஆசிரியர் மதிப்பிட வேண்டும், அதற்கேற்பத் தேவையான கூடுதல் கற்பித்தலைத் தர வேண்டும். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கான விதி என்றே இதைப் பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 'ஒவ்வொரு பிள்ளை' என்பதில் முந்தி ஓடும் பிள்ளையும் அடக்கம். பெற்றோரை அடிக்கடி சந்தித்து, பிள்ளையின் கற்கும் திறனையும் முன்னேற்றத்தையும் சொல்வதும் அதே பிரிவில் ஆசிரியரின் கடமை.

பிரிவு 29: பாடத்திட்டமும் மதிப்பீடும் பிள்ளையின் அறிவையும் உள்ளாற்றலையும் தனித்திறமையையும் வளர்ப்பதாக, அச்சமும் பதற்றமும் இல்லாததாக இருக்க வேண்டும்.

பிரிவு 17: உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதும் தடை செய்யப்பட்டுள்ளது. "அதிகப்பிரசங்கி" என்று கேலி செய்வதும், கேள்வி கேட்டதற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும் தொடர்ந்து நடந்தால் இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டலாம்.

பிரிவு 13: சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 ரூபாய் வரையும் அபராதம்.

பிரிவு 28: பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. "மேல் வகுப்புக் கணக்கு வேண்டுமானால் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று காசு கேட்டால் அது சட்ட மீறல்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

முதல் ஆபத்து, வேகத்தைத் திறமை என்று எண்ணிவிடுவது. டியூஷனில் அடுத்த வருடப் பாடத்தை ஏற்கெனவே மனப்பாடம் செய்த பிள்ளையும் வேகமாகத்தான் போடும். பிள்ளை பார்த்திராத கணக்கைக் கொடுத்து, விடையை விட்டுவிட்டு வழியைச் சொல்லச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஜாடிக் கணக்கு அதற்குப் போதும்.

இரண்டாவது, இடையில் ஓட்டை விழுவது. குறை எண்களையும் பின்னங்களையும் அரைகுறையாகத் தாண்டிப் போன பிள்ளை இயற்கணிதத்தில் தடுக்கி விழும். எந்தப் பாடத்தையும் விட்டுத் தாண்டும் முன் அந்தப் பாடத்தின் இறுதிப் பயிற்சியைப் பிள்ளை தனியாகப் போட்டுக் காட்ட வேண்டும். அறிவியலில் இன்னும் நிதானம் வேண்டும். அது கணக்கைப் போல நேரே மேலே ஏறும் படிக்கட்டு அல்ல. பல வேளைகளில் அதே பாடத்தில் ஆழமாகப் போவதே நல்ல விரைவு. களிமண்ணில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் உருமாறி ஏன் விரிகிறது, அந்த வெப்பத்தை அவசரமாகக் கடந்தால் பாத்திரம் ஏன் விரிசல் விடுகிறது என்று ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை தேடினால், வெப்பம் பற்றிய பாடத்தை அதைவிட நன்றாகப் படிக்க முடியாது. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசு நிறுவனமே ஊரில் இருக்கிறது. தலைமையாசிரியர் அனுமதி வாங்கி, பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போகக் கேட்கலாம்.

மூன்றாவது, முழு வகுப்பையே தாண்டுவது. 'டபுள் புரமோஷன்' வாங்கி 15 வயதில் பிளஸ் டூ முடித்தாலும் நீட் எழுதி மருத்துவத்தில் சேர, அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைய வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில்கூடப் பத்தாம் வகுப்புக்கு 14, பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 குறைந்தபட்ச வயது. வகுப்பைத் தாண்டிவிட்டு வாசலில் காத்திருப்பதில் பயனில்லை. பாட விரைவில் இந்தச் சிக்கல் எழாது. பிள்ளை தன் வகுப்புத் தேர்வையே எழுதும்.

நான்காவது, ஒரு பாடத்துக்காக மற்றதைக் கைவிடுவது. ராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கியதால் மற்ற பாடங்களில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேற முடியவில்லை. 1910-ல், விருத்தாசலம் அடங்கியிருந்த அதே தென்னாற்காடு மாவட்டத்தின் திருக்கோவிலூருக்கு வந்து, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய துணை கலெக்டர் வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். அவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார், மதிப்பு தெரிந்தது, பரிந்துரைத்து அனுப்பினார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. விதி வளைந்துகொடுத்தது உண்மை. ஆனால் கல்லூரியில் தவறியதற்கும் அதற்கும் இடையில் ஓர் ஏழை இளைஞன் பட்ட பாடு எத்தனை ஆண்டுகள்! அத்தனை பேரும் ராமானுஜன் ஆகப்போவதில்லை. யாரும் அந்தப் பாட்டைப் படவும் வேண்டாம். மற்ற பாடங்களில் தேர்ச்சி குறையாமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு.

ஐந்தாவது, திறமையே கண்ணில் படாமல் போவது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்ளோ கணக்கு" என்ற பேச்சில் எத்தனையோ பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். கையெழுத்தும் எழுத்துப்பிழையும் மோசமாக இருப்பதாலேயே மக்கு என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளும் உண்டு. கற்றல் குறைபாடு 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அங்கீகரிக்கப்பட்டது. சான்றிதழ் பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். வாய்விட்டு வழி சொல்லத் தெரிந்து, எழுத வராத பிள்ளையை அவசியம் பரிசோதிக்க வேண்டும்.

பணம் பறிப்பவர்களிடம் எச்சரிக்கை

கைரேகையை வைத்துப் பிள்ளையின் மூளைத்திறனைச் சொல்கிறோம் என்பதும், 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' என்று கண்ணைக் கட்டிப் படிக்க வைப்பதும் அறிவியல் அடிப்படை இல்லாதவை. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மத்திய அரசு 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள்படி, பயிற்சி மையங்கள் 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது; பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகே சேர்க்க வேண்டும். இடையில் நின்றால் மீதிக் கட்டணத்தை 10 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். இவை மாநிலங்களுக்கான வழிகாட்டுதல்கள்தான் என்றாலும் புகாரில் சுட்டிக்காட்டலாம். அதே ஆண்டு நவம்பரில், பயிற்சி மையங்களின் பொய் விளம்பரங்களுக்கு எதிராகத் தனி நெறிமுறைகளும் வந்தன. 'நூறு சதவீதத் தேர்ச்சி உறுதி' என்பது அதன்படி தவறு.

பள்ளிக் கல்வி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, பயிற்சி மையம் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் பிரித்துச் சொல்லியிருக்கிறது. எனவே ரசீது, விளம்பரத் துண்டறிக்கை, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கு போட வேண்டும்.

பள்ளியில் கேட்பது எப்படி?

வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாக மறுப்பார்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் கணக்கில் வகுப்புப் பாடங்களை முன்கூட்டியே முடித்துவிடுகிறாள். கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 24-ன்படி அவளது கற்கும் திறனை மதிப்பிட்டு, கணக்குப் பாடவேளையில் மட்டும் மேல் வகுப்புப் பாடம் படிக்க ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பருவம் பார்த்துவிட்டு, தொடர்வதா வேண்டாமா என்று ஆசிரியரும் நானும் என் மகளும் சேர்ந்து முடிவு செய்யலாம்."

கடைசி வரி முக்கியம். சோதித்துப் பார்க்க ஒரு பருவம் என்றால் பள்ளி தயங்காது. பிள்ளைக்கும் தோற்றுவிட்ட எண்ணம் வராது. பிள்ளை வேண்டாம் என்றால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

இரண்டு கணக்காசிரியர்கள் உள்ள பள்ளியில், இரு வகுப்புகளின் கணக்குப் பாடவேளையை ஒரே நேரத்தில் வைத்தால் பிள்ளை எந்தப் பாடத்தையும் தவறவிடாது. ஒரே ஆசிரியர் என்றால், பிள்ளை தன் இடத்திலேயே மேல் வகுப்புப் புத்தகத்தை வைத்துப் போடலாம். ஆசிரியர் வாரம் ஒரு முறை திருத்தினால் போதும். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

மறுத்தால்?

அரசு, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அடுத்து மாவட்டக் கல்வி அலுவலர், பின்னர் கடலூரில் உள்ள முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. சட்டப்படியான முறையீடு என்றால் பிரிவு 32-ன் கீழ் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு. பிள்ளை அடிக்கப்பட்டாலோ துன்புறுத்தப்பட்டாலோ 1098-ஐ அழைக்கலாம்.

பள்ளிக்கு வெளியே

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு உண்டு. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. இதை நகராட்சிப் பகுதிப் பள்ளிகளில் படிப்பவர்கள் எழுத முடியாது என்பதால் விருத்தாசலம் நகரத்துப் பிள்ளைகள் ஏமாற வேண்டாம், சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் விட்டுவிட வேண்டாம். சென்னையில் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் சிறு வகுப்புகளிலிருந்தே திறனறிப் போட்டி நடத்துகிறது. எட்டாம் வகுப்பிலிருந்து கணித ஒலிம்பியாடின் முதல்படித் தேர்வை எழுதலாம்: மூன்று மணி நேரம், 30 கேள்விகள். தமிழில் படிக்கத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் இருக்கிறது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி தராவிட்டாலும் வேறு வழி கிடைத்துவிடும். சூளை வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறில்லை. அதனால் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், நம் வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிவு செய்ய வைப்போம்: இந்தப் பள்ளியில் தன் வகுப்புப் பாடத்தை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யார் யார், அவர்களுக்கு இந்தப் பருவத்தில் என்ன சொல்லித் தரப் போகிறோம்?