சட்டனில் பிறந்த மருந்தும் குளோரினின் இழுப்பும்

தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள், பேசிக்கொண்டே குடிக்கலாம். எலக்ட்ரான் கவர்தன்மை என்றதும் பள்ளிக்கூட அட்டவணைதான் நினைவுக்கு வரும்: ஃப்ளூரின் 3.98, குளோரின் 3.16, பிளாட்டினம் 2.28. லைனஸ் பாலிங் 1932-ல் தொடங்கிவைத்த அளவுகோல், எண்கள் பின்னர் திருத்தப்பட்டன. பிணைப்பில் இருக்கும் அணு, நடுவிலுள்ள எலக்ட்ரான் இணையைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதை அந்த எண் சொல்கிறது. அப்படியானால் அயனிக்கு? மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

லண்டனின் தென்கோடியில், சட்டனில், ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையும் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே ஆராய்ந்த பிளாட்டினம் மருந்துகளே இதற்கு விடை சொல்லும்.

முதலில் வந்தது சிஸ்பிளாட்டின். ஒரு பிளாட்டினம், இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரின். ரத்தத்தில் குளோரைடு நிறைய இருப்பதால் அந்தக் குளோரின்கள் பெரும்பாலும் கழல்வதில்லை. செல்லுக்குள் குளோரைடு மிகக் குறைவு. அங்கே ஒன்று விலகி, நீர் அந்த இடத்தைப் பிடிக்கிறது. விலகும் குளோரின் இணையின் இரண்டு எலக்ட்ரான்களையும் எடுத்துக்கொண்டே போகிறது. இப்போது அது குளோரைடு அயனி, வெளிக்கூட்டில் எட்டும் நிறைந்துவிட்டது. அணுவாக இருந்தபோது இருந்த தாகம் இனி அதற்கு இல்லை. பிளாட்டினத்தின் பக்கமோ நேர்மின்னூட்டம் கூடுகிறது, இழுப்பும் கூடுகிறது. தன்னோடு ஒட்டிய நீரின் ஆக்சிஜனிலிருந்து எலக்ட்ரானை அது இழுக்க, அந்த நீர் சாதாரண நீரைவிட மிக எளிதாக ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடுகிறது. தனிமம் அதேதான்; மின்னூட்டமும் சுற்றுப்புறமும் மாறினால் இழுப்பும் மாறும். அட்டவணை எண்ணை அயனிக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பது இதனால்தான். பிறகு அந்த நீரும் விலக, பிளாட்டினம் டி.என்.ஏ.வில் குவானினின் நைட்ரஜனைப் பற்றிக்கொள்கிறது. செல் பெருக முடியாமல் போகிறது.

ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கடுமையாகத் தாக்கியது. சட்டன் குழுவினர் ஜான்சன் மாத்தே நிறுவனத்தோடு சேர்ந்து தேடிக் கண்ட மாற்று கார்போபிளாட்டின். 1986-ல் பிரிட்டனில் பயன்பாட்டுக்கு வந்தது. இதில் குளோரின்களுக்குப் பதில், ஒரே மூலக்கூறின் இரு ஆக்சிஜன்கள் பிளாட்டினத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருக்கின்றன. ஒரு கை நழுவினாலும் மறுகை விடாது. இந்த மெதுவான கழல்தலைக் கவர்தன்மை எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது, வளைய அமைப்பையும் பார்க்க வேண்டும். சிறுநீரகச் சேதம் பெரிதும் குறைந்தது. பதிலுக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைவது கவலையானது.

மருந்தின் பெரும்பகுதி மாறாமலே சிறுநீரில் வெளியேறுகிறது. அதனால் மருத்துவர் ஹிலரி கால்வர்ட்டும் சகாக்களும் 1989-ல் ஒரு சூத்திரம் தந்தார்கள். நோயாளியின் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று அளந்து, அதை வைத்து மருந்தளவைக் கணக்கிடும் அந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.