கதவை அடைப்பதா? ஊசி போடுவதா?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. நோய் என்னும் வெள்ளத்திற்கு எதனை அணையாகப் போடுவது? நாட்டின் எல்லைக் கதவை அடைத்துவிடுவதா? அல்லது ஒவ்வொருவர் உடலிலும் தடுப்பூசி என்னும் காவலை வைப்பதா? கொரோனாக் கொள்ளைநோய் பரவிய 2020 முதல் 2023 வரையிலான ஆண்டுகளில் உலக அரசுகள் யாவும் இக்கேள்வியை எதிர்கொண்டன. பட்டிமன்றத்தில் இரு அணியினர் வாதத்தையும் கேட்டபின் தீர்ப்புச் சொல்வது வழக்கம். அம்முறையிலேயே நாமும் இதனை ஆராய்வோம்.

எல்லை என்றால் என்ன?

கடல் கடந்த நாடுகளின் எல்லையைப் பற்றி நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நம் கரிவலம்வந்தநல்லூர் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. வடக்கே சிறிது தொலைவிலுள்ள இராசபாளையமோ விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பஸ் ஏறினால் சற்று நேரத்தில் போய்விடலாம். ஆனால் 2020-ஆம் ஆண்டில் மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதிதான் அக்கட்டுப்பாடு நீங்கியது. மேற்கே புளியரையில் கேரள எல்லையிலும் சோதனை நடந்தது. நேற்றுவரை கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த கோடு, ஒரு நோய் வந்ததும் சுவராக எழுந்து நின்றதை நாம் யாவரும் அறிவோம். கடையநல்லூர் போன்ற நம் பக்கத்து ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர் பலர். அவர்கள் குடும்பங்களுக்கு அச்சுவர் இன்னும் உயரமாக இருந்தது.

பழைய கதை

நோய்க்கு அஞ்சிப் பயணிகளைத் தடுத்து நிறுத்துவது புதிய வழக்கமன்று. 1377-ஆம் ஆண்டிலேயே ஏட்ரியாடிக் கடற்கரையிலிருந்த ரகூசா நகரம், பிளேக் பரவிய இடங்களிலிருந்து வருவோரை முப்பது நாட்கள் ஊருக்கு வெளியே தங்கவைத்தது. பின்னர் வெனிஸ் முதலிய துறைமுகங்களில் இது நாற்பது நாட்களாயிற்று. நாற்பது என்பதற்கான இத்தாலியச் சொல்லிலிருந்தே குவாரண்டைன் என்ற சொல் பிறந்தது. நோய் உடலில் மறைந்திருக்கும் காலம் கழியட்டும். அதற்குப் பின்பும் நலமாயிருப்பவன் உள்ளே வரட்டும் என்பதே இதன் தத்துவம்.

நம் தமிழகத்திலும் இதற்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. இராமேசுவரம் செல்லும் இரயிலில் போவோர் "மண்டபம் கேம்ப்" என்ற பெயர்ப் பலகையைக் கண்டிருக்கலாம். அந்தக் கேம்ப் எது? திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்திற்கும் கடனுக்கும் அஞ்சி, கங்காணிமார் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோரை நிறுத்திவைத்த முகாம்தான் அது. 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியபின் இலங்கை அரசு எச்சரிக்கை கொண்டது. தூத்துக்குடி வழியாகச் செல்வோருக்குத் தட்டப்பாறையில் முகாம் அமைந்தது. 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழி திறந்தபின் மண்டபம் முகாம் முதன்மை பெற்றது. இந்திய மண்ணிலேயே இலங்கை அரசு நடத்திய முகாம் இது. தொழிலாளர்கள் சில நாட்கள் இங்கே தங்க வேண்டும். மருத்துவர் சோதிப்பார், அம்மை குத்தப்படும். பிறகே கப்பல்.

இந்த ஏற்பாட்டால் நோய் கடல் தாண்டுவது குறைந்தது; அதனை மறுக்க இயலாது. ஆயினும் மேல் வகுப்புப் பயணிகள் பெரும்பாலும் முகாமில் அடைபடாமல், மருத்துவக் கண்காணிப்பு என்ற அளவில் போக முடிந்தது. பிளேக் கிருமிக்கு முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற வேற்றுமை தெரியுமோ? நோய்க்காக வகுத்த விதி ஏழையை ஒருவிதமாகவும் செல்வரை வேறுவிதமாகவும் நடத்தியதை இங்கே மனத்தில் குறித்துக்கொள்வோம். நூறாண்டு கழித்து இதே கேள்வி திரும்ப வரப்போகிறது.

கதவை அடைப்போர் வாதம்

எல்லையை அடைக்க வேண்டும் என்போர் காட்டும் சிறந்த சான்று பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவுகள். 1918-இல் உலகெங்கும் விஷக்காய்ச்சல் பரவியது. கப்பல்கள் வழியே பம்பாய்க்கு வந்த அந்நோயால் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பரில் நியூசிலாந்திலிருந்து டலூன் என்ற கப்பல் மேற்குச் சமோவாவிற்கு வந்தது. நோயாளிகள் இருந்தும் பயணிகளை இறங்க விட்டார்கள். சில வாரங்களில் மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறந்தனர். பக்கத்திலேயே இருந்த அமெரிக்கச் சமோவா தன் துறைமுகத்தை அடைத்துக் காத்தது. அங்கே அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

நம் காலத்தில் நியூசிலாந்தே இப்பாடத்தைக் கடைப்பிடித்தது. 2020 மார்ச் 19-இல் வெளிநாட்டினருக்கு எல்லையை மூடியது. அவ்வாண்டு முழுவதிலும் அங்கே கொரோனாவால் இறந்தவர் 25 பேரே. பின்னர் மக்களுக்கு ஊசி போட்டு முடித்து, 2022-இல் படிப்படியாகக் கதவைத் திறந்தது.

மறுப்போர் வாதம்

இவை கடல் சூழ்ந்த தீவுகள்; நோய் நுழையுமுன் கதவை அடைத்தன. எல்லா நாட்டிற்கும் இது பொருந்துமா என்று எதிரணியினர் கேட்கிறார்கள். நம் நாட்டில் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டது 2020 சனவரி 30-இல். வெளிநாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டது மார்ச் 22-இல். இடைப்பட்ட ஏழு வாரங்களில் நோய் உள்ளே வந்துவிட்டது. திருடன் வீட்டிற்குள் இருக்கும்போது வாசலைத் தாழிட்டால் பயன் சிறிதே.

இன்னொரு நிகழ்ச்சி 2021 நவம்பரில் நடந்தது. தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமைக்ரான் என்னும் உருமாறிய கிருமியைக் கண்டு, 24-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்திற்கு அறிவித்தனர். சில நாட்களுக்குள் பல நாடுகள் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளுடன் விமானப் போக்குவரத்தை நிறுத்தின. ஆனால் அந்த அறிவிப்புக்கு முன்னரே, 19-ஆம் தேதி நெதர்லாந்தில் எடுத்த மாதிரியில் அக்கிருமி இருந்தது பின்னர் தெரிந்தது. அபாய மணியை அடித்தவனையே தண்டித்தால், அடுத்த முறை மணியடிக்க யார் முன்வருவார்?

அடைத்த கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்பதையும் எண்ண வேண்டும். வேலையிழந்து, கையில் காசின்றி, அயல்நாட்டில் தவித்த நம்மவர் பல்லாயிரம். 2020 சூன் மாதத்தில் ஐ.என்.எஸ். ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல் கொழும்பிலிருந்தும், பின்னர் மாலத்தீவிலிருந்தும் முறைக்குச் சுமார் 700 பேராகத் தூத்துக்குடிக்கு ஏற்றி வந்தது. ஈரானில் சிக்கிய நம் மீனவர்களையும் அதே கப்பல் சூலை முதல் தேதி கொண்டுவந்து சேர்த்தது. 2021 மே மாதத்திலோ ஆஸ்திரேலிய அரசு, இந்தியாவிலிருந்து திரும்பும் தன் குடிமக்களையே சுமார் இரண்டு வாரம் வரக்கூடாதென்று தடுத்தது. மீறினால் சிறை என்றும் அறிவித்தது. சொந்த வீட்டிற்குள் நுழைவதே குற்றமாகும் நிலை வரலாமா?

ஊசியின் வலிமையும் எல்லையும்

இனி ஊசியைப் பார்ப்போம். பெரியம்மையை உலகிலிருந்து ஓட்டியது ஊசிதான். 1899-இல் தொடங்கிய கிண்டி கிங் ஆய்வுநிலையம் நம் மாகாணத்திற்கு அம்மைப்பால் தயாரித்துத் தந்தது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-இல் காணப்பட்டார். 1980 மே மாதம் 8-ஆம் தேதி உலகம் பெரியம்மையிலிருந்து விடுதலை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதுவரை அயல்நாடு செல்வோர் பாஸ்போர்ட்டுடன் அம்மை குத்திய சான்றிதழையும் கொண்டுசென்றனர்.

இன்றும் ஒரு நோய்க்கு அப்படிச் சான்றிதழ் உண்டு. அது மஞ்சள் காய்ச்சல். மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் உள்ள இந்நோய் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, அதாவது நமக்கு டெங்கு தரும் அதே கொசு, இங்கே ஏராளமாக உள்ளது. எனவே நோயுள்ள நாட்டிலிருந்து ஊசிச் சான்றின்றி வருவோரை ஆறு நாட்கள் வரை தனியே வைக்கிறார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து செல்லுபடியாகும் இச்சான்று, 2016 முதல் வாழ்நாள் முழுவதற்கும் பொருந்தும். அங்கே செல்லும் தமிழர் கிண்டி கிங் நிலையத்திலேயே இவ்வூசியைப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த விதியைக் குறித்துச் சச்சரவு அதிகம் எழுவதில்லை. காரணம் எளிது. ஒரே ஊசி பெரும்பாலோர்க்கு ஆயுள் முழுவதும் காவல் தருகிறது. ஆகவே சான்றிதழ் சொல்வது உண்மை. கொரோனா ஊசி அப்படிப்பட்டதன்று. கடும் நோயையும் மரணத்தையும் அது பெரிதும் தடுத்தது. ஆனால் தொற்றைத் தடுக்கும் ஆற்றல் சில மாதங்களில் குறைந்தது. ஒமைக்ரானுக்கு முன் மேலும் குறைந்தது. ஊசி போட்டவர் தம் உயிரைக் காத்துக்கொண்டார் என்று சான்றிதழ் சொல்லலாம். அவர் கிருமியைக் கொண்டுவரவில்லை என்று அது உறுதி கூற இயலாது. இந்த நுட்பத்தை உணராதவர்களே "சான்றிதழ் இருந்தால் போதும்" என்றும், "ஊசியால் பயனே இல்லை" என்றும் இரு துருவங்களில் நின்று வாதிட்டனர்.

சான்றிதழ்ச் சண்டை

2021 சனவரி 16-இல் நம் நாட்டில் கொரோனா ஊசி தொடங்கியது. புனேயில் தயாரான கோவிஷீல்டு, ஐதராபாத்தில் தயாரான கோவாக்சின் ஆகிய இரண்டுமே முதலில் வழங்கப்பட்டன. முகாமிற்குச் சென்ற கூலித் தொழிலாளி எந்த ஊசி என்று தேர்ந்தெடுத்தா போட்டுக்கொண்டார்? அன்று வந்திருந்த மருந்து எதுவோ அதுவே கிடைத்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் கோவாக்சினை 2021 நவம்பர் 3-இல்தான் தன் பட்டியலில் சேர்த்தது. அதுவரை பல நாடுகள் அதனை ஏற்கவில்லை. இரண்டு ஊசியும் போட்டும் போடாதவராகவே அவர்கள் கருதப்பட்டனர்.

கோவிஷீல்டின் கதை இன்னும் விந்தையானது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கண்டறிந்த மருந்து அது. புனேயில் தயாரான ஐம்பது இலட்சம் ஊசிகளைப் பிரிட்டனே வாங்கித் தன் மக்களுக்குப் போட்டது. எனினும் இந்தியாவில் அதையே போட்டுக்கொண்டவர் 2021 அக்டோபர் 4 முதல் அங்கே பத்து நாள் தனித்திருக்க வேண்டும் என்றது. இந்தியாவும் பிரிட்டிஷ் பயணிகளுக்கு அதே விதியை விதித்தது. ஒரு வாரத்தில் பிரிட்டன் இறங்கிவந்தது, நாமும் விலக்கிக்கொண்டோம். மருந்தில் மாற்றமில்லை, போட்ட இடம்தான் வேறு. மண்டபத்தில் கண்ட வகுப்பு வேற்றுமை இங்கே நாட்டு வேற்றுமையாக வந்து நின்றதல்லவா?

உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2021 சனவரியிலேயே, பயணத்திற்கு ஊசிச் சான்று கேட்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. நோய் பரவுதலை ஊசி எவ்வளவு தடுக்கும் என்பது அப்போது தெளிவாகவில்லை. போதிய ஊசியும் உலகில் இல்லை. செல்வ நாடுகள் முன்கூட்டியே வாங்கிக் குவித்தன. ஏழை நாடுகள் காத்திருந்தன. கிடைக்காத பொருளைக் காட்டு என்று கேட்பது நீதியாகாது.

விதியைச் சிறிது நெகிழ்த்தினால் எத்தனை பேர் பிழைப்பர் என்பதற்கும் சான்று உண்டு. கோவிஷீல்டின் இரண்டாம் ஊசிக்கு 12 முதல் 16 வாரம் காத்திருக்க வேண்டும் என்று 2021 மே மாதத்தில் நம் அரசு விதித்தது. அதனால் வெளிநாட்டில் படிப்போரும் வேலை செய்வோரும் தவித்தனர். சூன் மாதம் அவர்களுக்கு மட்டும் 28 நாளில் போட்டுக்கொள்ள அனுமதித்து, சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணையும் சேர்க்க வழிசெய்தனர்.

நம் தீர்ப்பு

இருபுறமும் கேட்டோம். எல்லையை அடைப்பது நோயை ஒழிப்பதில்லை. நமக்குச் சில நாட்களைச் சம்பாதித்துத் தருகிறது. அந்நாட்களில் படுக்கைகளையும் பரிசோதனைகளையும் ஊசியையும் ஆயத்தம் செய்தால் கதவடைப்பு பயனுள்ளது. செய்யாவிட்டால் பட்ட துன்பமெல்லாம் வீண். ஊசியோ உயிரைக் காக்கும் உண்மையான கவசம். ஆயினும் எல்லோர்க்கும் கிடைக்கும்வரை அதனை வாசற்படியின் சாவியாக ஆக்குதல் தகாது. எந்த விதி போட்டாலும் அது குறுகிய காலத்திற்கே இருக்க வேண்டும். காரணம் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். தன் குடிமகன் வீடு திரும்பும் உரிமையைப் பறிக்கக் கூடாது. ஏழைக்கும் செல்வர்க்கும் ஒன்றாயிருக்க வேண்டும். இதுவே நம் தீர்ப்பு.

நம் திருச்சபையும் இதனையே கற்பிக்கிறது. பிளேக் பரவிய உரோமை நகரில் நோயாளிகளைத் தோளில் சுமந்து பணிசெய்து, 1591-இல் இருபத்துமூன்றாம் வயதிலேயே உயிர்நீத்தார் புனித ஞானப்பிரகாசியார். 2020 கிறிஸ்துமஸ் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ், தடுப்பூசி எல்லோர்க்கும், சிறப்பாக எளியோர்க்கும் தேவையிலிருப்போர்க்கும் முதலில் கிடைக்க வேண்டுமென்று உலகத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு, ஊசி போட்டுக்கொள்வது பிறர்மேல் காட்டும் அன்புச் செயல் என்றும் எடுத்துரைத்தார்.

மாணவியராகிய நாம் சட்டம் இயற்றுபவர் அல்லோம். ஆனாலும் நம்மால் செய்யக்கூடியவை உண்டு. ஊசிக்கு அஞ்சும் பாட்டி தாத்தாவுக்குப் பொறுமையாக விளக்கலாம். வீட்டிலுள்ளோரின் ஊசி அட்டைகளைப் பத்திரப்படுத்தலாம். வதந்தி வந்தால் மற்றவருக்கு அனுப்புமுன் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் கேட்டுத் தெளியலாம். வெளியூரிலிருந்து வந்தவர் வீட்டுக் கதவில் தனிமை அறிவிப்பு ஒட்டப்பட்டால் அவ்வீட்டாரை ஒதுக்காமல், திண்ணையில் பாலும் காய்கறியும் வைத்துவிட்டு, எட்ட நின்று நலம் விசாரிக்கலாம். விலகி நிற்க வேண்டியது நோயிடம், மனிதரிடம் அன்று. அடுத்த கொள்ளைநோய் என்று வரும் என்று யாரும் அறியார். அது வரும் நாளில் எல்லையில் நிற்கும் அதிகாரியாகவோ, ஊசி போடும் செவிலியாகவோ, விதி எழுதும் அமைச்சராகவோ நம்மில் ஒருத்தி இருக்கக்கூடும். அன்று அவள் மண்டபத்தை மறவாதிருப்பாளாக!