கப்பலேறிய கூலி

தாமிரபரணி பாயும் ஆத்தூரின் வெற்றிலை வெகு பிரசித்தம். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே கொடிக்காலில் பாடுபடுகிறவரிடம் 'கூலி' என்றால், மாலையில் கைக்கு வரவேண்டிய பணம் என்றே பொருள் கொள்வார். பாடுபடும் மனிதருக்குக் கூலியாள், கூலிக்காரர் என்று வேறு பெயர்கள் உண்டு. திருக்குறளிலும் கூலி என்பது உழைப்பின் பயனே.

ஆங்கில பாஷையிலோ 'கூலி' என்றால் சுமை தூக்கும் மனிதன். பணத்தின் பெயர் ஆளின் பெயரானது எப்படி?

இச்சொல்லின் பிறப்பைப் பற்றிப் பண்டிதர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. குஜராத்திலுள்ள கோலி என்னும் வகுப்பாரின் பெயரே மூலம் என்பது ஒன்று. நம் தமிழ்க் கூலியே மூலம் என்பது மற்றொன்று. 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி இரண்டையும் ஆராய்கிறது. இரண்டு ஓடைகளும் ஒன்றாய்க் கலந்தன என்று கொள்வதே பொருத்தமென நமக்குத் தோன்றுகிறது.

பிறகு சொல் கப்பலேறிற்று. தூத்துக்குடித் துறையிலிருந்து நம்மவர் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். சென்னையில் புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. போன இடத்திலெல்லாம் வெள்ளைக்காரத் துரைமாருக்கு அவர்கள் கூலிகள். நாளடைவில் வியாபாரியும் கூலி, படித்தவரும் கூலி என்றாயிற்று. 1893-ல் அங்கே சென்ற காந்தியடிகளுக்குக் கிடைத்த பட்டம் 'கூலி பாரிஸ்டர்'! தொழிலைக் குறித்த சொல் ஒரு ஜாதியாரையே இழிக்கும் வசையாக மாறிவிட்டது.

இச்சொல்லின் பழைய பொருளைத் தூத்துக்குடி மறக்கவில்லை. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர், வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது கூலி உயர்வும் வார ஓய்வும். மார்ச் மாதத்தில் நிர்வாகம் இணங்கியது.

மிளகுதண்ணீரும் கட்டுமரமும்கூட ஆங்கில அகராதியில் இடம் பெற்ற தமிழ்ச் சொற்களே. அவற்றுக்கு மானக்கேடு எதுவும் நேரவில்லை. கூலிக்குத்தான் நேர்ந்தது.

ரயிலடியில் இறங்கியதும் "ஏ கூலி!" என்று நாம் கூவுகிறோமே, அது தமிழா? அந்நியர் திரித்த பொருளையல்லவா நாமும் ஏற்றுக்கொண்டோம்! 2016 ரயில்வே பட்ஜெட்டில் அவர்களுக்கு 'சஹாயக்' என்று புதுப்பெயர் அறிவிக்கப்பட்டது. பெயர் எதுவாயினும், நேயர்களே, ஆளைக் கூலி என்று அழைப்பதை விடுவோம். அவருக்குரிய கூலியைக் குறையாமல் கொடுப்போம்.