தக்காளிச் சங்கத்துச் சிறுமியர்

பத்து சென்ட் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று கேட்கும் வழக்கம் விவசாயக் குடும்பங்களில் உண்டு. கிணற்றடி மூலையிலோ கொல்லைப்புறத்திலோ கிடக்கும் அத்துண்டு நிலத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில் 1910-ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆயிரம் சிறுமியர் சரியாக இந்த அளவு நிலத்தைத் தம் பெயரில் பெற்று, அதில் தக்காளி பயிரிட்டு, டப்பாவில் அடைத்து விற்று, வரவு செலவைத் தம் கையாலேயே எழுதி வைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பதின்ம வயதினர். கூட்டுறவாளர்களாகிய நாம் இதைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது பயனுடையது.

முதலில் அந்த நாட்டுப்புறத்தின் நிலைமையைச் சொல்ல வேண்டும். தென் மாநிலங்களில் அக்காலத்தில் பருத்தியே ராஜா. விதை, உரம், மாவு, துணி யாவும் கடைக்காரரிடம் கடனாக வாங்கப்படும். விளையப்போகும் பருத்தியே அக்கடனுக்கு ஈடு. இலையுதிர் காலத்தில் பருத்தி விற்றதும் பணம் கடைக்காரரின் பேரேட்டிலேயே வரவாகிவிடும். நெசவாளரும் விவசாயிகளுமாகிய நம் வாசகருக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. இத்தகைய குடும்பத்தில் பிறந்த பெண், நடக்கத் தெரிந்த நாள் முதல் பருத்திக் காட்டில் வேலை செய்வாள்; வீட்டு வேலையையும் பார்ப்பாள். ஆனால் அவள் உழைப்புக்கென்று ஒரு காசும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பள்ளிப் படிப்பு வயல் வேலைக்கு இடைப்பட்ட நாட்களில் நடப்பது. மேற்படிப்பு என்பது கனவு.

தென் கரோலினா மாநிலத்தில் ஐக்கன் என்னும் ஜில்லாவில், தலாத்தா கிராமப் பள்ளியில் மேரி சாமுவெல்லா குரோமர் என்ற ஆசிரியை பணியாற்றி வந்தார். 1909-ஆம் ஆண்டின் இறுதியில் கொலம்பியா நகரில் கூடிய ஆசிரியர் கூட்டமொன்றில், சிறுவர்களுக்கான மக்காச்சோளச் சங்கங்களைப் பற்றிய பேச்சை அவர் கேட்டார். வேளாண்மைத் துறையினர் சிறுவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் நிலத்தில் நல்ல முறையில் சோளம் பயிரிடக் கற்பித்து வந்த காலம் அது. அதன் பயன் சிறிதன்று. அதே மாநிலத்தில் ஜெரி மூர் என்னும் சிறுவன் 1910-இல் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் விளைவித்துக் காட்டினான். தந்தையர் வெட்கமுற்றுப் புதிய முறைகளைக் கைக்கொண்டனர். பேச்சைக் கேட்ட ஆசிரியைக்கு எழுந்த கேள்வி எளியது: சிறுவர்களுக்கு இவ்வளவு செய்கிறோமே, சிறுமியருக்கு என்ன செய்கிறோம்?

ஊர் திரும்பிய அவர் 1910-இல் 47 சிறுமியரைச் சேர்த்துத் தக்காளிச் சங்கம் ஒன்றை அமைத்தார். ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம். அதாவது நம் கணக்கில் பத்து சென்ட். சிறுவனுக்கு ஒரு ஏக்கர், சிறுமிக்கு அதில் பத்தில் ஒன்று என்ற இந்த விகிதத்தை வாசகர் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். ஆயினும் அந்தப் பத்து சென்ட்டைத் தகப்பனாரிடமிருந்து பெறுவதே பல வீடுகளில் எளிதாக இருந்திருக்காது. பருத்தி போடத்தக்க நிலத்தை ஒரு பெண்ணின் தக்காளிக்கு எவர் மனமுவந்து விட்டுக்கொடுப்பார்?

தக்காளியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் உண்டு. இக்கனியில் இயற்கையாகவே புளிப்பு மிகுதி. டப்பாவில் அடைத்த உணவில் வளர்ந்து உயிருக்கே உலை வைக்கும் கிருமி புளிப்பில் செழிப்பதில்லை. ஆகவே பீன்ஸ், மாமிசம் முதலியவற்றைப் போல் அழுத்தக் கொப்பரை வேண்டாமல், கொதிநீரிலேயே தக்காளியைப் பதப்படுத்த முடிந்தது. (இன்று வீட்டில் அடைப்போர், தக்காளி வகைக்கு வகை புளிப்பு மாறுபடுவதால், எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.) மேலும், ஒரே சமயத்தில் பழுத்து அழுகிவிடும் பொருளை டப்பாவில் அடைத்துவிட்டால் விலை வரும்வரை வைத்திருக்கலாம். பச்சைக் காய்கறி விற்கப் போனவர் மாலையில் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருவதை நாம் அறிவோம்.

வேலை இலேசானதன்று. நாற்று விட்டு, எடுத்து நட்டு, களை பறித்து, கொம்பு ஊன்றிக் கட்டி வளர்க்க வேண்டும். பழுத்ததைப் பறித்து, கொதிநீரில் ஒரு கணம் முக்கித் தோலுரித்து, ஏறக்குறைய ஒரு கிலோ கொள்ளும் தகர டப்பாவில் நிரப்ப வேண்டும். பிறகு மூடியை வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் ஈயப் பற்று வைப்பர். மூடியின் நடுவில் ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கும். டப்பாவைச் சூடாக்கி உள்ளிருக்கும் காற்றை அத்துளை வழியே வெளியேற்றியபின், துளையையும் ஒரு சொட்டு ஈயத்தால் அடைத்து, இருபது நிமிஷத்துக்கு மேல் கொதிக்க வைப்பார்கள். பற்று ஓரிடத்தில் விட்டுப்போனாலும் டப்பா சில நாளில் உப்பிவிடும். வெயிற்காலத்தில் அடுப்பு நெருப்பின் எதிரே நின்று, பட்டறைக்காரர் வேலையைச் சிறுமியர் கற்றுக்கொண்டனர். முதலாண்டில் கேட்டி கண்டர் என்னும் பெண் தன் பத்து சென்ட்டிலிருந்து 512 டப்பாக்களை நிரப்பினாள். வின்த்ராப் கல்லூரியில் படிப்பதற்கான உதவித்தொகை அவளுக்குப் பரிசாகக் கிடைத்தது.

கொப்பரையும் பற்றுக் கருவிகளும் ஒவ்வொரு வீட்டிலும் வாங்கக்கூடியவை அல்ல. எனவே பலர் ஓரிடத்தில் கூடி, ஒருத்தி தோலுரிக்க, ஒருத்தி நிரப்ப, ஒருத்தி பற்று வைக்க என்று வேலையைப் பகிர்ந்துகொண்டனர். கூட்டுறவு என்னும் சொல்லைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னரே அதன் உட்பொருளை அவர்கள் கைவழியே அறிந்துவிட்டனர். அடுத்து வந்தது விற்பனை. கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து பார்த்து நூறு டப்பாவுக்கு விலை பேசுபவர். ஒருத்தி நீர் மிகுதியாக ஊற்றி அடைத்தாலும் கெட்ட பெயர் எல்லாருக்கும் வரும். ஆதலால் எடை, நிறம், தரம் ஆகியவற்றுக்கு விதிகள் செய்யப்பட்டு, பொது லேபில் ஒன்று ஏற்பட்டது. நான்கு இதழ்க் குளோவர் இலை பொறித்த 'நாலு எச்' முத்திரை இவ்வாறு சிறுமியரின் டப்பாக்களில் இடம்பெற்றது. பின்னாளில் நாடெங்கும் பரவி இன்றளவும் நடைபெறும் 'நாலு எச்' இளைஞர் இயக்கத்திற்கு இந்தத் தக்காளிச் சங்கமும் சோளச் சங்கமும் வேர்கள். கைத்தறித் துணிக்கு முத்திரையிடும் சங்கத்தார் இந்த லேபிலின் அருமையை உணர்வர்.

சங்கங்கள் வேகமாகப் பரவின. 1910-இலேயே வர்ஜீனியாவில் எல்லா ஆக்னியு அம்மையார் இப்பணிக்கென நியமனம் பெற்றார். வட கரோலினாவில் ஜேன் மக்கிம்மன் அம்மையார் பொறுப்பேற்று, 14 ஜில்லாக்களில் 416 சிறுமியருடன் தொடங்கினார். 1913-க்குள் தென் மாநிலங்களில் உறுப்பினர் தொகை இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920-இல்தான் என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும்.

இதில் நாம் வியப்பது ஒன்று. வீட்டு முறைகளைத் திருத்த வேண்டும் என்று அதிகாரிகள் தாய்மாரிடம் நேரே சென்றிருந்தால் வாசற்படியைத் தாண்டியிருக்க மாட்டார்கள். மகள் கற்று வந்து அடுப்படியில் செய்து காட்டியபோதோ, தாய் அருகில் வந்து நின்றாள். அடுத்த வீட்டுக்காரியும் வந்தாள். தாமே தைத்த வெள்ளைத் தொப்பியும் மேலாடையும் அணிந்து, ஊரார் நடுவில் டப்பா அடைக்கும் முறையைச் சிறுமியர் விளக்கிக் காட்டினர். குளிர்காலத்தில் காய்கறியே காணாத ஏழை வீடுகளில் அதன்பின் பரணில் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. தாய்மார் தங்களுக்கும் கற்பிக்குமாறு கேட்கவே, மனையியல் விளக்கப் பணி வளர்ந்தது. 1914-இல் இயற்றப்பட்ட ஸ்மித் - லீவர் சட்டத்தின் வாயிலாக அரசாங்கச் செலவில் அது நிலைபெற்றது. 1917-இல் போர் மூண்டு உணவைச் சேமிக்க வேண்டிய நிலை வந்தபோது, ஊருக்குக் கற்பிக்கத் தெரிந்தவர்களாக இந்தப் பெண்கள் முன்பே ஆயத்தமாக இருந்தார்கள்.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இச்சங்கங்கள் நிறப்பிரிவினைக்கு உட்பட்டவை. பருத்திக் கடனில் மிகவும் ஆழ்ந்து கிடந்த கறுப்பினக் குடும்பங்களின் சிறுமியர் வெள்ளையர் சங்கங்களில் சேர முடியாது. 1912-இல் ஓக்லஹோமாவில் ஆனி பீட்டர்ஸ், வர்ஜீனியாவில் மேட்டி ஹோம்ஸ் ஆகிய கறுப்பினப் பெண்மணிகள் பணியில் அமர்த்தப்பட்டு, அச்சிறுமியருக்கெனத் தனியே உழைத்தனர். ஆயினும் பணமும் வசதியும் சமமாகப் பங்கிடப்படவில்லை. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே இப்பிரிவினைச் சுவர்கள் சட்டப்படி இடிந்தன. பெண்ணின் கையில் காசு சேர வேண்டும் என்று கண்ட அதே கண்கள், எந்தப் பெண் என்று பார்த்தபோது மூடிக்கொண்டன.

இனிக் கணக்குப் புத்தகத்திற்கு வருவோம். பயிரும் டப்பாவும் மட்டும் போதா. ஒவ்வொரு சிறுமியும் ஆண்டு முடிவில் தன் வரலாற்றையும் வரவு செலவையும் எழுதித் தர வேண்டும் என்பது விதி. நில வாடகை இவ்வளவு, உழவுக் கூலி இவ்வளவு, உரம், டப்பா, லேபில் இவ்வளவு என்று செலவுகள் எழுதப்படும். நிலம் தகப்பனாருடையதாயிருந்தாலும் வாடகை எழுதத்தான் வேண்டும். அவற்றோடு, களையெடுத்த நேரம், டப்பா அடைத்த நேரம் என்று தான் உழைத்த மணிகளையும் அவள் கணக்கிட்டு, மணிக்கு இவ்வளவு என்று விலை போட்டுச் செலவில் சேர்க்க வேண்டும். விற்ற பணத்திலிருந்து இவையெல்லாம் போக எஞ்சுவதே லாபம். அதுவரை குடும்பத்தில் காற்றைப் போலவும் தண்ணீரைப் போலவும் எண்ணப்பட்டு வந்த மகளின் உழைப்பு, இப்பத்தியில் முதன்முறையாக ஒரு தொகையாக எழுதப்பட்டது.

லாபம் அச்சிறுமியைச் சேரும் என்பதும் சங்கத்தின் கொள்கை. அதை உடைக்குச் செலவிட்டவர் உண்டு. பள்ளிக் கட்டணமாகக் கட்டியவர் உண்டு. வட கரோலினாச் சிறுமியர் எழுதிய இத்தகைய சிறு புத்தகங்கள் சில, அம்மாநிலத்தின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. மேலட்டையில் தக்காளிப் படம் வரைந்து, வண்ணம் தீட்டி, நாடாவால் கட்டியிருக்கிறார்கள். உள்ளே, மழை பொய்த்த நாளும் புழு விழுந்த நாளும், அதன்பின் கூட்டிக் கழித்த தொகைகளும் உள்ளன.