‘வேண்டும்’ என்பதா, ‘விசுவாசிக்கிறேன்’ என்பதா?
ஆங்கில விசுவாசச் சொற்களும் முத்துக்குளித்துறைத் தமிழும்

ஆங்கில இறையியல் நூல்களைப் படித்துத் தமிழில் எழுதும் மாணவர்களை இடறச் செய்யும் சொற்களுள் ‘பெய்த்’, ‘பிலீஃப்’ என்னும் இரண்டும் முதலிடம் பெறுவன. இரண்டையும் விசுவாசம் என்றே எழுதிவிடுகிறார்கள். சிலர் முன்னதை விசுவாசம் என்றும் பின்னதை நம்பிக்கை என்றும் பிரித்து எழுதுகிறார்கள். ஆனால் அடுத்த பக்கத்திலேயே ‘ஹோப்’ என்னும் சொல் வந்து நிற்கும்போது அதற்கு வேறு சொல் இன்றித் தடுமாறுகிறார்கள். ‘பிற பெய்த்களைச் சேர்ந்தோர்’ என்று ஆங்கிலத்தில் கண்டதைப் ‘பிற விசுவாசத்தார்’ என்று எழுதுவாரும் உண்டு. அங்கே அச்சொல்லுக்குச் சமயம் என்பதே பொருள். இது அகராதியைப் புரட்டித் தீர்த்துவிடத்தக்க காரியம் அன்று. திடப்படுத்தல் ஆராதனையில் ஓர் இளைஞன் வாய்திறந்து அறிக்கையிடும் சொல் இது. அவன் என்ன சொல்லுகிறான் என்பது அவனுக்கும் சபைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கேள்வி முதன்முதல் எழுத்தில் எழுந்தது நம் தூத்துக்குடிக் கடற்கரையிலேயே. 1535க்கும் 1537க்கும் இடையில் முத்துக்குளித்துறைப் பரதவர் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ்கு சவேரியார் இக்கரைக்கு வந்தபோது அவர்களுக்குப் போதிப்போர் இல்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் ஒருவாறு அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம் முதலியவற்றை மிகுந்த பிரயாசத்தோடு தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பின்பு கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக் கற்பித்தார் என்று அவருடைய கடிதமே கூறுகிறது.

அந்தத் தமிழாக்கத்தில் பிரமாணத்தின் முதற்சொல்லே பிசகிவிட்டது. ‘விசுவாசிக்கிறேன்’ என்று பொருள்படும் ‘கிரேதோ’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘எனக்கு வேணும்’ என்று வைத்திருந்தார்கள். ஏறக்குறைய ஈராண்டு கழித்து, 1544இல், தம் உடனூழியர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் சவேரியார் இதைத் திருத்துகிறார். ‘வேணும்’ என்பது விரும்புகிறேன் என்று பொருள் தரும்; ஆகையால் அதை விடுத்து, விசுவசிக்கிறேன் எனப் பொருள்படும் சொல்லைச் சொல்லும்படி பணிக்கிறார். போர்த்துக்கீசிய எழுத்தில் சிதைந்து காணப்படும் அச்சொல் விசுவாசம் என்பதன் ஒரு வடிவமாகவே கொள்ளப்படுகிறது. அதே இடத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. கிறிஸ்து பாடுபட்டதைப் பற்றி ‘வன்பினாலே’ என்று படிக்கத்தக்க சொல்லைச் சொல்ல வேண்டாம். அவர் வலுக்கட்டாயத்தினால் அன்று, மனமுவந்தே பாடுபட்டார் என்கிறார். ஒரு சொல்லில் விசுவாசமும் மற்றொரு சொல்லில் மீட்பும் கெட்டுப்போகக்கூடும் என்று அவர் கண்டுகொண்டது வியப்புக்குரியது.

இப்பிழையைக் கண்டு நகைப்பது எளிது. ஆயினும் அது முற்றிலும் அறியாமையினால் விளைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. முத்துச் சலாபத்தின் உரிமைக்காகப் பகைவரால் நெருக்குண்டு போர்த்துக்கீசியரிடம் அடைக்கலம் தேடிய ஒரு சமுதாயம் புதிய சமயத்தின் வாயிலில் நின்று சொல்லக்கூடிய இயல்பான சொல் ‘வேண்டும்’ என்பதே. மேலும், விருப்பத்துக்கும் விசுவாசத்துக்கும் மொழியில் நெருங்கிய உறவு உண்டு. தொல்காப்பியத்தின் உரியியல் நம்பு, மேவு என்னும் இரு சொற்களுக்கும் நசை, அதாவது விருப்பம் என்றே பொருள் கூறுகிறது. இன்று நாம் ‘நம்புகிறேன்’ என்னும் சொல் பண்டைத் தமிழில் ‘விரும்புகிறேன்’ என்றே இருந்தது.

ஆங்கிலத்திலும் நடந்தது ஏறக்குறைய இதுவே. ‘பிலீஃப்’ என்பது பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்த சொல். அருமையானது, அன்புக்குரியது என்னும் பொருளுள்ள ‘லீஃப்’ என்னும் பழஞ்சொல்லும், அன்பைக் குறிக்கும் ஆங்கில, ஜெர்மானியச் சொற்களும் அதற்கு உறவு. ஜெர்மானிய மொழியில் லூத்தர் விசுவாசத்துக்கு வழங்கிய ‘கிளௌபெ’ என்பதும் அதே குடும்பமே. ‘பெய்த்’ என்பதோ ‘பீதெஸ்’ என்னும் இலத்தீன் சொல்லினின்று பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. தலைவனுக்கும் குடிக்கும் இடையிலுள்ள வாக்குறுதி, உண்மை தவறாமை என்பனவே அதன் அடிப்பொருள். காலப்போக்கில் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. பற்றையும் பாசத்தையும் குறித்த ‘பிலீஃப்’ இன்று ஒரு கூற்றை மெய்யென்று ஒப்புக்கொள்ளும் மனச்செயலாகச் சுருங்கிப்போயிற்று. ‘நாளை மழை வரும் என்று பிலீவ் பண்ணுகிறேன்’ என்று இன்று சொல்லும் அளவுக்கு அது மெலிந்துவிட்டது. இந்தச் சுருக்கத்தை விரிவாக ஆராய்ந்தவர் லாகூரில் ஆசிரியப்பணி செய்த கனடா நாட்டு அறிஞர் வில்பிரெட் கான்ட்வெல் ஸ்மித். 1977இலும் 1979இலும் வெளிவந்த அவருடைய நூல்கள் இப்பொருள் பற்றியனவே. பண்டைய ஆங்கிலேயர் பிரமாணத்தை அறிக்கையிட்டபோது கொள்கைகளை ஒப்புக்கொண்டதைவிடத் தம்மையே ஒப்படைத்தார்கள் என்பது அவர் கருத்தின் சாரம். அவர் கொள்கைப் பகுதியை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன். எனினும் சொல்வரலாறு பற்றி அவர் காட்டியது மறுத்தற்கரியது.

ஆங்கிலத்துக்கு இன்னொரு வறுமையும் உண்டு. ‘பெய்த்’ என்னும் பெயர்ச்சொல்லுக்கு வினைச்சொல் இல்லை. ஆகவே பெயர் வரும் இடத்தில் ‘பெய்த்’ என்றும், வினை வரும் இடத்தில் ‘பிலீவ்’ என்றும் எழுதவேண்டியதாயிற்று. கிரேக்கத்தில் ‘பிஸ்திஸ்’ என்னும் பெயரும் ‘பிஸ்தெயுவோ’ என்னும் வினையும் ஒரே வேரின. ரோமர் 4:5ஐ ஆங்கிலத்தில் படிப்பவன் ஒருவன் ‘பிலீவ்’ செய்ய, அவனுடைய ‘பெய்த்’ எண்ணப்படுவதாகக் காண்கிறான். இரண்டும் வெவ்வேறு காரியங்கள் என்று அவன் மயங்க இடமுண்டு. தமிழில் விசுவாசிக்கிறவனுடைய விசுவாசம் என்று ஒரே வேர் ஓடுகிறது. இவ்விடத்தில் தமிழ் வாசகன் பவுலுக்கு ஆங்கிலேயனைவிட அருகில் நிற்கிறான். யோவான் தம் சுவிசேஷத்தில் பெயர்ச்சொல்லை ஓரிடத்திலும் ஆளாமல் வினையை மாத்திரம் திரும்பத்திரும்ப ஆளுகிறார் என்பதையும் மாணவர் கவனிக்க. அவருக்கு விசுவாசம் ஒருவன் வைத்திருக்கும் பொருள் அன்று, அவன் செய்யும் செயல்.

பழைய ஏற்பாட்டில் நிலை வேறு. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் ‘பெய்த்’ என்னும் சொல் உபாகமம் 32:20, ஆபகூக் 2:4 ஆகிய இரண்டே இடங்களில் வருகிறது. எபிரேயத்தின் ‘ஆமன்’ என்னும் வேர் உறுதியாயிருத்தலைக் குறிப்பது. ஜெபத்தின் முடிவில் நாம் சொல்லும் ஆமென் அதன் பிள்ளை. தேவன் உறுதியானவர், ஆதலால் அவரைச் சார்ந்திருக்கலாம் என்பதே அங்குள்ள கருத்து. ரோமர் 3:3இல் அதே ‘பிஸ்திஸ்’ தேவனுக்கு உரியதாகச் சொல்லப்படும்போது, பழைய ஆங்கிலம் அங்கும் ‘பெய்த்’ என்றே எழுதியது. நம்முடைய மொழிபெயர்ப்பாளரோ அங்கே ‘உண்மை’ என்று எழுதினார்கள். அது நல்ல தெரிவு.

சொல்லின் இவ்வேறுபாடுகளை விளக்க ஆங்கில உவமைகளைத் தேடிப் போகவேண்டியதில்லை. முத்துக்குளித்தல் அரசின் மேற்பார்வையில் 1961இல் கடைசியாக நடந்தது. ஆயினும் கல்லைக் கட்டி இறங்கிய பழைய முறை இக்கரையில் மறக்கப்படவில்லை. குளிப்பவன் இன்ன பாரில் சிப்பி விளைந்திருக்கிறது என்று கேட்டு ஒப்புக்கொள்ளுகிறான். இது ‘பிலீஃப்’. அது பொய்த்தால் கூலி நஷ்டமே தவிர உயிர் நஷ்டம் இல்லை. பின்பு அவன் கயிற்றின் ஒரு நுனியைத் தோணியில் இருப்பவன் கையில் கொடுத்துவிட்டு, ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கி அடியில் இருக்கிறான். அவன் கயிற்றை அசைத்தவுடன் மேலே இருப்பவன் இழுத்தாக வேண்டும். இது ‘டிரஸ்ட்’. அக்கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம், தன் சகோதரி தாலியறுவதை எவனும் பொறுக்கமாட்டான் என்று கடற்கரையில் சொல்லுவார்கள். அங்கே கயிற்றுக்கு முன்பே ஓர் உறவு இருக்கிறது, உறவுக்குள் ஒரு கடமை இருக்கிறது. ‘பீதெஸ்’ என்னும் சொல்லின் ஆழம் அது. யாக்கோபு 2:19இல் பிசாசுகளும் விசுவாசிப்பதாகச் சொல்லப்படுவதை வைத்துக் குழம்பும் மாணவனுக்கு இந்த வேறுபாடே விடை. பிசாசுகள் பாரில் சிப்பி உண்டென்று அறிந்திருக்கின்றன; கயிற்றை எவர் கையிலும் கொடுக்கவில்லை.

விசுவாசம் என்பது வடசொல். சுவாசத்தோடு தொடர்புடைய வேரினின்று, அச்சமின்றித் தாராளமாய் மூச்சுவிடுதல் என்னும் கருத்தில் பிறந்தது. ஆயினும் தமிழ்நாட்டுத் தெருவில் அதன் பொருள் வேறு. நாய்க்கு விசுவாசம் உண்டு, நெடுநாள் ஊழியனுக்கு எஜமான் விசுவாசம் உண்டு. ‘பெய்த்’ என்பதன் பழம்பொருளாகிய உண்மை தவறாமை தெருத்தமிழில் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆலயத்தமிழில்தான் அது கொள்கையாக உலர்ந்துவிட்டது. 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றித் தங்கள் சீர்திருத்த சபைக்குப் பரதவரைத் திருப்ப முயன்றபோது அவர்கள் திரும்பவில்லை. நம்முடைய பக்கத்தார் தோற்ற கதை அது. அங்கே வெளிப்பட்டது கோட்பாட்டுத் தெளிவைவிட இந்தத் தெருப்பொருளிலான விசுவாசம் என்று சொல்வது அவர்களுக்குக் குறைவு ஆகாது.

‘கிரேதோ’ என்னும் சொல்லும் நமக்கு அந்நியமன்று. அது சிரத்தை என்னும் வடசொல்லுக்கு உடன்பிறந்தது. இதயத்தை வைத்தல் என்பது அவ்விரண்டின் மூலப்பொருளாகக் கருதப்படுகிறது. தமிழில் அது கவனமாய்ப் படித்தல் என்னும் அளவுக்கு இறங்கிவிட்டதால் பிரமாணத்துக்கு உதவாது. மதம், மார்க்கம் என்பன ‘ரிலிஜன்’ என்பதற்கு உரியவை. அவற்றைப் பற்றி இங்கே விரிக்கவில்லை.

நம்பிக்கை என்னும் சொல்லே இன்று நம்மை அதிகம் நெருக்குகிறது. 1 கொரிந்தியர் 13:13இல் நம் பழைய வேதாகமம் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று வரிசைப்படுத்துகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அதே இடத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கிறது. தமிழ்ச்சொல்லை முன்வைத்த நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் மேடைத்தமிழில் நம்பிக்கை என்பது மூடநம்பிக்கை என்பதன் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. மருத்துவர் ‘இனி நம்பிக்கை இல்லை’ என்று சொல்லும்போது நோயாளியின் வீட்டார் கேட்பது ‘ஹோப்’ என்பதையே, ‘பெய்த்’ என்பதை அன்று. ஆகையால் ஆராதனையில் விசுவாசம் என்பதை விட்டுவிட நான் உடன்படேன். போதனையிலோ, நம்புதல், சார்ந்திருத்தல், உண்மையாயிருத்தல் என்னும் மூன்றையும் கொண்டு அதை விரித்துரைக்கவேண்டும்.

இக்கரையில் கத்தோலிக்கரும் நம்மவரும் ஒரே குடும்பத்தில் இருப்பது அரிதன்று. அடக்க ஆராதனையில் ஒருவர் நம் வேதாகமத்திலிருந்தும் மற்றொருவர் திருவிவிலியத்திலிருந்தும் இதே அதிகாரத்தை வாசித்தால், துக்கத்திலிருப்போர் நம்பிக்கை என்னும் ஒரே சொல்லை இரு பொருளில் கேட்கிறார்கள். அத்தகைய ஆராதனைகளில் எந்த மொழிபெயர்ப்பு வாசிக்கப்படும் என்பதை இரு குருமாரும் முந்தியே பேசி, ஒன்றையே வைத்துக்கொள்வது நலம். அது இயலாதபோது, வாசிப்புக்கு முன் அச்சொல் அங்கே எதைக் குறிக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வாசிக்கலாம்.