யாப்பு நம் கைக்கு வந்த வரலாறு

ஒரு நாடு விடுதலை பெறுவது வேறு. அந்நாட்டின் அரசியற்றிட்டம் முற்றும் அந்நாட்டார் கைக்கு வருவது வேறு. இலங்கையில் இவ்விரண்டிற்குமிடையே இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன. அவ்வரலாற்றை நம் கல்லூரி மாணவரும் பழைய மாணவரும் ஒருங்கே அறிந்திருத்தல் நன்று.

1948 பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் எய்திற்று. எனினும், நாட்டை நடத்திய சோல்பரி அரசியற்றிட்டம் பிரித்தானிய மன்னரின் 1946ஆம் ஆண்டுக் கட்டளையாற் பிறந்தது. பிரித்தானிய முடியே நாட்டின் தலைமையாக நிலைத்தது. மகாதேசாதிபதி அதன் பிரதிநிதியாக விளங்கினார். இறுதி மேன்முறையீட்டை இலண்டனிலிருந்த கோமறைக் கழகமே விசாரித்தது. பிரதிநிதிகள் சபையின் மொத்த உறுப்பினருள் மூன்றிலிரு பங்கினர் இசைந்தாற் பாராளுமன்றம் திட்டத்தைத் திருத்தலாம் என்பது விதி.

அத்திட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவர்க்கோ சமயத்தவர்க்கோ மட்டும் குறை விளைக்கும் சட்டமும், ஒரு சாரார்க்கு மட்டும் சலுகை அளிக்கும் சட்டமும் செல்லா என விதித்தது. சிறுபான்மையோர் அதனைத் தமக்குக் காப்பெனக் கொண்டனர். அக்காப்பு எத்துணை வலியது? மன்னார்க் கரையில் வாழ்வோர் விடையைத் தொலைவிற் தேடவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டு இந்திய வம்சாவளித் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அது 29ஆம் பிரிவுக்கு முரணன்று எனக் கோமறைக் கழகம் 1953இல் தீர்ப்பளித்தது. 1964 ஒக்டோபர் 30இல் எழுந்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்க வகை செய்தது. அவ்வாறு சென்ற குடும்பங்கள் தலைமன்னார் இறங்குதுறையிற் கப்பலேறி இராமேஸ்வரத்தை அடைந்தன.

ஆயினும், அதே கழகம் 1964இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் இரணசிங்க வழக்கில் வேறொரு கருத்தையும் வெளியிட்டது. சமூகங்கள் இத்திட்டத்தை ஏற்றுக்கொண்டமைக்கு 29ஆம் பிரிவின் காப்புகளே அடிப்படை நிபந்தனை. ஆதலின் அவை மாற்றத்தகாதன என்பது அதன் சாரம். மாற்றத்தகாத பகுதியுடைய திட்டத்தை அதன் விதிப்படியே மாற்றுவதெங்ஙனம்?

1970ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற ஐக்கிய முன்னணி, பிரதிநிதிகள் சபை உறுப்பினரையே அரசியல் நிர்ணய சபையாகக் கூட்டிற்று. அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா யாப்புப் பணியை முன்னின்று நடத்தினார். அச்சபை 1970 யூலை 19இற் பாராளுமன்றக் கட்டடத்தை விடுத்து, கொழும்பு நவரங்கஹால மண்டபத்திற் கூடியது. இவ்விடமாற்றம் பொருளுடையது. பழைய திட்டத்தைத் திருத்தின் புதியதும் மன்னர் கட்டளையின் வழித்தோன்றலேயாகும். வேரை இம்மண்ணில் ஊன்ற வேண்டின் அத்தொடர்பை அறுத்தல் வேண்டும். கனடா பிறிதொரு வழி சென்றது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1982இல் இயற்றிய சட்டத்தினாலேயே தன் யாப்பைத் திருத்தும் முழு அதிகாரத்தையும் பெற்றது.

1971இற் கோமறைக் கழகத்துக்குச் செல்லும் மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22இல் இலங்கை குடியரசாயிற்று. வில்லியம் கோபல்லாவ முதற் சனாதிபதியானார். அந்நிய முடிக்கு எஞ்சியிருந்த உரிமை அன்றே நீங்கிற்று. இது பெருமைக்குரியதே.

ஆனால் 29ஆம் பிரிவு புதிய யாப்பில் இடம்பெறவில்லை. பௌத்தத்துக்கு முதன்மைத் தானமும் சிங்களத்துக்கு அரசகரும மொழி நிலையும் யாப்பிலேயே பொறிக்கப்பட்டன. அடிப்படை உரிமைகள் எழுதப்பட்டனவெனினும், இயற்றி முடிந்த சட்டத்தை நீதிமன்றம் செல்லாதாக்கும் வழி அடைக்கப்பட்டது. மொழி பற்றிய தன் கோரிக்கைகள் ஏற்கப்படாமையின் தமிழரசுக் கட்சி 1971 யூனிலேயே சபையினின்றும் விலகியிருந்தது. 1978இல் வேறொரு யாப்பு வந்தது. தமிழும் அரசகரும மொழி என்பது 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தினாலேயே யாப்பில் ஏறிற்று.

இலண்டனிலிருந்த அதிகாரம் கொழும்பை அடைந்தமை சுதந்திரத்தின் ஒரு படி. அவ்வதிகாரம் தம்முடையது என்று மன்னாரிலும் மலைநாட்டிலும் வாழ்வோர் உணரும் நாளே அதன் நிறைவு. பிறர் தந்த யாப்பின் குறைக்குப் பிறரைச் சுட்டலாம். நாமே வகுத்த யாப்பின் குறைக்கு நாமே பொறுப்பாளர். நாளை சட்டம் பயிலவும் சட்டம் இயற்றவும் செல்லவிருக்கும் நம் மாணவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.